விதைப் பாக்கெட்டுக்குள் இருக்கும் ராயல்டி
பருத்தி விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டியவை

ஆவணியில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் போதும், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டு விவசாயிகள் விதைக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். கடையில் வாங்கும் பி.டி. பருத்திப் பாக்கெட்டின் விலையில் விதைக்கு எவ்வளவு, கடைக்காரர் லாபம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த விலைக்குள் இன்னொரு பங்கும் பல ஆண்டுகள் சேர்ந்திருந்தது. அது விதையை உற்பத்தி செய்த கம்பெனிக்கும் போகவில்லை, கடைக்காரருக்கும் போகவில்லை. விதைக்குள் இருக்கும் மரபணுவுக்குச் சொந்தக்காரரான வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. அதற்குப் பெயர் ராயல்டி.

இந்த ராயல்டிக்காக அமெரிக்காவிலும் கானடாவிலும் விவசாயிகள் உச்ச நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் கம்பெனிக்கும் கம்பெனிக்கும், கம்பெனிக்கும் அரசுக்கும் வழக்கு நடந்திருக்கிறது. விதையை எடுத்து வைக்க நமக்கு உரிமை உண்டா, எது வரை உண்டு என்பது இந்த வழக்குகளோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே விஷயத்தைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

ராயல்டி என்பது என்ன?

ஒருவர் நிலத்தில் மற்றொருவர் பயிர் செய்தால் குத்தகை அளக்கிறார். ராயல்டியும் ஒரு வகைக் குத்தகையே. நிலத்துக்குப் பதிலாக இங்கே ஒரு கண்டுபிடிப்புக்குக் குத்தகை கொடுக்கிறோம்.

மண்ணில் வாழும் 'பேசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ்' என்ற பாக்டீரியாவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் புகுத்தினார்கள். அந்தச் செடியைத் தின்னும் காய்ப்புழு செத்துப்போகிறது. பாக்டீரியாவின் பெயரைச் சுருக்கித்தான் 'பி.டி.' என்கிறோம். இப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையைச் சர்க்கார் வழங்கினால், 20 ஆண்டுகளுக்கு அவர் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்த அனுமதி கேட்கும் விதைக் கம்பெனிகள், விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இவ்வளவு என்று கட்ட வேண்டும். அந்தப் பணம் கடைசியில் விவசாயி கொடுக்கும் விலையில்தான் வந்து சேரும்.

ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் செலவாகிறது, அதைத் திரும்ப எடுக்க ராயல்டி வேண்டும் என்பது கம்பெனிகளின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விதைக்கும் மற்றச் சரக்குகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு பம்ப் செட்டை வாங்கினால் அது இன்னொரு பம்ப் செட்டை ஈன்று தராது. விதையோ ஒன்றுக்கு நூறாகப் பெருகும். பெருகியதில் ஒரு பங்கை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைப்பது விவசாயியின் பழக்கம். பட்டினி கிடந்தாலும் விதை நெல்லில் கை வைக்காத பரம்பரை அல்லவா? இந்தப் பழக்கம் தொடர்ந்தால் முதல் ஆண்டு மட்டும்தான் ராயல்டி கிடைக்கும். எனவே கம்பெனிகள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. ஒன்று, ஒப்பந்தமும் சட்டமும். இரண்டாவது, வீரிய ஒட்டு விதை. முதல் வழி அமெரிக்காவில் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்க விவசாயியின் சோயா வழக்கு

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் வெர்னன் பௌமன் என்ற விவசாயி சோயா மொச்சை பயிரிட்டு வந்தார். களைக்கொல்லி அடித்தாலும் சாகாத மரபணு மாற்று சோயா விதையை அவர் ஒவ்வோர் ஆண்டும் முதல் போகத்துக்கு முறைப்படி வாங்கினார். 'இந்த விதையை ஒரே ஒரு போகத்துக்குத்தான் பயன்படுத்துவேன், விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்க மாட்டேன்' என்ற ஒப்பந்தத்துக்கும் அவர் கட்டுப்பட்டே நடந்தார்.

சிக்கல் இரண்டாம் போகத்தில் வந்தது. பின்பருவத்தில் விதைக்கும் அந்தப் போகம் நிச்சயமில்லாதது. அதற்கு இவ்வளவு விலை கொடுத்து விதை வாங்குவானேன் என்று நினைத்தார். பக்கத்துத் தானியக் கிடங்கில் தீவனத்துக்கும் உணவுக்கும் விற்கும் சாதாரண சோயாவை வாங்கி விதைத்தார். அந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் மரபணு மாற்று சோயாவே பயிரிட்டதால், கிடங்குச் சரக்கிலும் அதுவே மிகுந்திருந்தது. களைக்கொல்லியை அடித்தார். பிழைத்து நின்ற செடிகளிலிருந்து விதை எடுத்து மறு ஆண்டும் இரண்டாம் போகத்துக்கு விதைத்தார். இப்படி 1999 முதல் எட்டுப் போகம் எடுத்தார்.

2007-இல் மான்சாண்டோ கம்பெனி வழக்குப் போட்டது. கிடங்கில் காசு கொடுத்து வாங்கிய சரக்கு என்னுடையது, அதை என் விருப்பப்படி பயன்படுத்துவேன் என்பது பௌமனின் வாதம். சோயா தானாகவே முளைத்துப் பெருகுகிறது, நான் ஒன்றையும் நகல் எடுக்கவில்லை என்றும் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கிய சரக்கைத் தின்னலாம், விற்கலாம், மாட்டுக்குப் போடலாம். ஆனால் விதைத்துப் புதிது புதிதாகப் பெருக்குவது காப்புரிமை பெற்ற பொருளை மறுபடி உற்பத்தி செய்வதாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் கட்ட வேண்டிய நஷ்ட ஈடு 84,456 டாலர்.

காற்றில் வந்தாலும் குற்றமா?

கானடாவில் நடந்த வழக்கு இன்னும் யோசிக்க வைப்பது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் பெர்சி ஷ்மைசர் என்பவர் கனோலா என்ற கடுகினப் பயிரை வளர்த்தவர். தம் பயிரிலிருந்தே விதை எடுத்து வைத்துப் பயிரிடுவது அவர் வழக்கம். மான்சாண்டோவின் விதையை அவர் வாங்கவும் இல்லை. ஒப்பந்தம் போடவும் இல்லை. ஆனாலும் அந்த மரபணு அவர் வயலோரத்துச் செடிகளில் இருந்தது. அக்கம் பக்கத்து வயல்களிலிருந்தோ, சாலையில் போன லாரிகளிலிருந்தோ வந்திருக்கலாம் என்றார் அவர்.

1997-இல் சாலையோரம் களைக்கொல்லி அடித்தபோது பல செடிகள் சாகாமல் நின்றதை அவர் கண்டார். அந்தப் பகுதியிலிருந்து அறுத்த விதையை மறு ஆண்டு சுமார் 1,030 ஏக்கரில் விதைத்தார். வழக்கு கானடா உச்ச நீதிமன்றம் சென்றது. 2004 மே மாதம் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. மரபணு எப்படி வயலுக்கு வந்தது என்பது முக்கியமல்ல; அது இருப்பதைத் தெரிந்து, எடுத்து வைத்து, விதைத்தது காப்புரிமையை மீறியதே என்றார்கள். ஆனால் அந்தக் குணத்தால் அவருக்குத் தனியாக லாபம் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் அவர் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்தார்கள்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி வந்தவை. அவை நம்மைக் கட்டுப்படுத்தா. நம் நாட்டுச் சட்டம் வேறு. அதற்கு வருமுன், இரண்டாவது வழியான ஒட்டு விதையைப் பார்த்துவிடுவோம்.

பருத்தியில் பூட்டு விதைக்குள்ளேயே

உலகிலேயே முதன்முதலாகப் பெரிய அளவில் பயிரிட ஏற்ற வீரிய ஒட்டுப் பருத்தி 1970-இல் குஜராத் மாநிலம் சூரத்தில் சி.டி. படேல் என்ற விஞ்ஞானியால் வெளியிடப்பட்டது. அது நமக்குப் பெருமை. ஆனால் ஒட்டு விதையின் குணம் நமக்குத் தெரிந்ததுதான். முதல் தலைமுறையில் ஒரே சீராக நிற்கும் செடிகள், அதன் விதையை எடுத்து விதைத்தால் பலவிதமாகப் பிரிந்துவிடும். ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்றில் காய் பருக்கும், மற்றொன்றில் சிறுக்கும்.

பி.டி. குணமும் அப்படியே பிரியும். ஒட்டின் பெற்றோர் செடிகளில் ஒன்றில் மட்டும் ஒரு மரபணு இருந்தால், மறு தலைமுறையில் சராசரியாக நான்கு செடியில் ஒன்றுக்கு அந்த மரபணு இருக்காது. அந்தச் செடியைக் காய்ப்புழு தாக்கும். மருந்துச் செலவும் நம் தலையில் விழும்.

நம் நாட்டில் பி.டி. பருத்தி 2002 மார்ச்சில் அனுமதி பெற்றபோது ஒட்டு ரகங்களாகவே வந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படியே. ஆகையால் இங்கே ராயல்டியைக் காக்க விவசாயி மீது வழக்குப் போட வேண்டிய அவசியம் கம்பெனிக்கு ஏற்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாமே கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கி, ராயல்டியையும் சேர்த்துக் கொடுத்தோம்.

பாக்கெட் விலையில் எவ்வளவு போயிற்று?

ஆரம்ப ஆண்டுகளில் 450 கிராம் பாக்கெட் ரூ.1,600-க்கு மேல் விற்றது. அதில் சுமார் ரூ.1,250 மரபணுவுக்கான கட்டணம் என்று ஆந்திர அரசு 2006-இல் ஏகபோக வர்த்தகக் கமிஷனிடம் முறையிட்டது. அமெரிக்காவிலும் சீனாவிலும் வாங்குவதைவிட இங்கே பல மடங்கு வாங்குகிறார்கள் என்பதே அதன் வாதம். கட்டணத்தை நியாயமான அளவுக்குக் குறைக்கும்படி கமிஷன் உத்தரவிட்டது. ஆந்திராவில் பாக்கெட் விலை ரூ.750 என்று நிர்ணயிக்கப்பட்டது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் வந்த ஒற்றை மரபணு பி.டி.க்கு இந்தியாவில் காப்புரிமையே பெறப்பட்டிருக்கவில்லை. இரட்டை மரபணு கொண்ட 'போல்கார்டு-2' ரகத்துக்குத்தான் 2008-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

2015 டிசம்பரில் மத்திய அரசு பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு உத்தரவைப் பிறப்பித்தது. அதன்படி போல்கார்டு-2 பாக்கெட்டின் உச்ச விலையும் அதற்குள் அடங்கிய மரபணுக் கட்டணமும் இவ்வாறு இருந்தன:

2016 - விலை ரூ.800, கட்டணம் ரூ.49
2018 - விலை ரூ.740, கட்டணம் ரூ.39
2019 - விலை ரூ.730, கட்டணம் ரூ.20
2020 - விலை ரூ.730, கட்டணம் இல்லை

காப்புரிமையின் ஆயுள் 2019-இல் முடிந்துவிட்டது. அதன்பின் கட்டணம் நின்றது. ஆனால் பாக்கெட் விலை நிற்கவில்லை. 2024-இல் ரூ.864, 2025-இல் ரூ.901 என்று உச்ச விலை ஏறியிருக்கிறது. இந்த உயர்வு ராயல்டியால் அல்ல என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 'காப்புரிமைக் கட்டணம் கூடிவிட்டது' என்று யாராவது கடையில் அதிக விலை கேட்டால் நம்ப வேண்டாம்.

கட்டணம் குறைந்ததற்கு மறுபக்கமும் உண்டு. அரசின் நடவடிக்கைகளைக் காரணம் காட்டி, களைக்கொல்லி தாங்கும் அடுத்த பருத்திக்கான விண்ணப்பம் 2016-இல் திரும்பப் பெறப்பட்டது. நாமோ கட்டணம் கொடுத்தும் முழுப் பலன் பெறவில்லை. குஜராத்தில் சில மாவட்டங்களில் ஒற்றை மரபணு பி.டி.யை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கிக்கொண்டதாகக் கம்பெனியே 2010-இல் ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் இரட்டை மரபணுவும் அந்தப் புழுவிடம் வலுவிழந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பேட்டண்ட் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் (ஜே) என்ற உட்பிரிவு, செடிகளும் விதைகளும் பயிர் ரகங்களும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்கிறது. விதைக்குள் புகுத்திய மரபணுவுக்கு உண்டா என்பதே கேள்வி. மான்சாண்டோவுக்கும் நுசிவீடு விதைக் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் காப்புரிமை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, சாட்சியங்களோடு முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. 2021-இல் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். ஆகவே கேள்விக்கு அந்த வழக்கில் முடிவான விடை கிடைக்காமலே போயிற்று.

விவசாயிக்கு நேராகப் பயன்படுவது வேறொரு சட்டம். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001 என்பது அதன் பெயர். அதன் 39-ஆவது பிரிவை ஒவ்வொரு விவசாயியும் நினைவில் வைக்க வேண்டும். இச்சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ரகமானாலும், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம், உறவினர், பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு தடை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் பெயரை லேபிளில் போட்டு, பையில் அடைத்து விற்கக் கூடாது.

அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவு, இப்படி ஓர் உரிமை இருப்பது தெரியாமல் மீறிய விவசாயிக்குப் பாதுகாப்புத் தருகிறது. கானடாவில் இப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தப் பிரிவுகள் ரக உரிமையைப் பற்றியவை. பேட்டண்ட் சட்டத்தில் விவசாயிக்கு இப்படித் தனி விலக்கு எழுதப்படவில்லை. நாளை வேறு மரபணுக்களோடு புதிய விதைகள் வரும்போது இந்த இடைவெளி முக்கியமாகும். விவசாயிகள் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமை காகிதத்தில் மட்டும் இல்லை என்பதற்குக் குஜராத் உருளைக்கிழங்கு வழக்கு ஓர் உதாரணம். அது மரபணு மாற்றுப் பயிர் அல்ல; பதிவு செய்யப்பட்ட ரகம். வறுவலுக்கான அந்த ரகத்தைத் தன் அனுமதி இல்லாமல் பயிரிட்டதாகப் பெப்சிகோ கம்பெனி 2019-இல் விவசாயிகள் சிலர் மீது வழக்குப் போட்டு, நால்வரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. விவசாயிகள் தரப்பில் 39-ஆவது பிரிவு எடுத்துக்காட்டப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களில் கம்பெனி வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

ரசீது இல்லாத விதை வேண்டாம்

ராயல்டியும் இல்லை, விலையும் சல்லிசு என்று சொல்லிக் களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை பல மாநிலங்களில் மறைவாக விற்கப்படுகிறது. அரசு அனுமதி பெறாத இந்த விதையை விற்பதும் பயிரிடுவதும் சட்ட விரோதம். களை எடுக்க ஆள் கிடைக்காத கஷ்டத்தில் இதன் மீது ஆசை வருவது இயற்கையே. ஆனால் முளைக்காவிட்டால், காய் பிடிக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? பாக்கெட்டில் உண்மையான பெயர் இருக்காது. கையில் ரசீது இருக்காது. சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமைகளை நாமே கைவிட்டது போல ஆகும்.

முறையான விதை பொய்த்தால் வழி இருக்கிறது. இந்த ரகம் இன்ன நிலையில் இவ்வளவு விளையும் என்று பதிவு செய்தவர் சொல்ல வேண்டும். அது பொய்த்தால் விவசாயி நஷ்ட ஈடு கோரலாம் என்கிறது 39-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதி. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே, அவர் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

கவனிக்க வேண்டியவை

1. ரசீது இல்லாமல் விதை வாங்கக் கூடாது. ரசீதில் ரகத்தின் பெயர், குவியல் எண், விலை மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

2. காலிப் பாக்கெட்டையும் கைப்பிடி விதையையும் அறுவடை முடியும் வரை பத்திரப்படுத்த வேண்டும். முளைப்புக் குறைந்தாலோ கலப்பு தெரிந்தாலோ உடனே விதை ஆய்வாளருக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். வயலை அழிக்குமுன் அதிகாரிகள் பார்வையிட வேண்டியது அவசியம்.

3. விதை உற்பத்திக்கோ கொள்முதலுக்கோ ஒப்பந்தம் போடும்போது, விதை எடுத்து வைப்பது பற்றிய ஷரத்தைப் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கட்டாயம் நம்மிடம் இருக்க வேண்டும்.

4. ஒட்டுப் பருத்தியின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து விதைக்க வேண்டாம். மகசூலும் தரமும் குறையும்.

5. சொந்த விதை வைக்க விரும்புவோர், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 17, ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற சாதா ரகங்களில் தங்கள் பகுதிக்கு ஏற்றதைக் கேட்டுப் பயிரிடலாம். விதைக்கென்று ஒதுக்கும் வயலுக்கும் மற்றப் பருத்தி வயலுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். சான்று விதைக்கு 30 மீட்டர் என்பது விதி. நன்றாகக் காய்த்த செடிகளில் நடுப் பறிப்புப் பருத்தியைத் தனியே எடுத்து, தனியே அரைத்து விதை சேர்க்க வேண்டும்.

6. பரம்பரையாகத் தேர்ந்தெடுத்துக் காத்துவரும் சொந்த ரகம் இருந்தால், அதை விவசாயி பெயரிலேயே கட்டணமின்றிப் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

கண்டுபிடித்தவருக்குக் கூலி கிடைக்க வேண்டியதுதான். அந்தக் கூலி எவ்வளவு, எத்தனை காலத்துக்கு, எந்தப் பயிருக்கு என்பது தெரிந்தால்தான் நாம் கொடுக்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்க முடியும். இந்தப் பருவத்தில் விதை வாங்கப் போகும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.